வெள்ளித்தாள் சுற்றிய சிரிஞ்சு

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி. குழந்தைகள் பிரிவின் ஜன்னல் வழியே வரும் காலை வெயிலில், வெள்ளித்தாள் சுற்றிய சிரிஞ்சு மினுங்குகிறது. உள்ளே இருப்பது வழக்கமான ப்ளீச் கரைசலா, வேப்பிலைச் சாறா என்று டாக்டர் ஸ்டெஃபிக்கே தெரியாது; தெரியவும் கூடாது. பிள்ளைகளின் பல்வேரைக் கழுவ இரண்டில் எது நல்லது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நிறம் தெரியாமலிருக்க வெள்ளித்தாள். வாசனை தெரியாமலிருக்க, தன் மாஸ்க்குக்குள் நீலகிரித் தைலம். அந்த எரிச்சலில் கண்ணில் நீர் கோத்து நிற்க, நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஏழு வயது எழிலின் கடைவாய்ப் பல்லுக்குள் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார். வலித்தால் தூக்கச் சொல்லியிருந்த கை விருட்டென்று உயர்கிறது. ஸ்டெஃபி பதறிப்போய் சிரிஞ்சை எடுக்கிறார்.

“வலிக்குதா பாப்பா?”

“இல்ல டாக்டர். இது இன்னா மருந்துன்னு எனக்குத் தெர்ஞ்சிபோச்சு.”

“ஐயோ, சொல்லிடாத. சொன்னா என் ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும்.”

“டாக்டரு சொல்லாதன்னா சொல்லாத எழிலு. வாயத் தொற” என்று மகளின் காலில் தட்டுகிறாள், மேனாம்பேட்டிலிருந்து பஸ் ஏறி அழைத்து வந்திருக்கும் அம்மா சுதா.

எழில் பெரிய மனசு பண்ணி வாயைத் திறக்கிறாள். எச்சில் உறிஞ்சும் குழாய் மறுபடி கொர்ரென்று சத்தம் போடுகிறது. ரகசியம் தாங்காமல் அவளுடைய கால்கள் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கின்றன. பிறகு, திறந்த வாயைத் துளியும் மூடாமல், அவள் விரல் மெல்ல எழுந்து ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வேப்பமரத்தைக் காட்டுகிறது.