பசை காயும் வரை

காகிதக் கனத்தில் சீவிய மரத்தகட்டை ஊடுருவி, சன்னல் வெயில் தேன்நிறமாய் மேசைமேல் விழுகிறது. கிளிப்புகள் தீர்ந்துவிட்டதால், விளக்குக் கூட்டின் கடைசி வளைவை அண்ணியும் நாத்தனாரும் விரல்களாலேயே அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். பசை காய இன்னும் பத்து நிமிடம் ஆகும். பக்கத்தில் செல்போன் அதிர்கிறது. அண்ணியின் ஸ்கேன் முடிவு வாங்கப் போன அண்ணன்தான் கூப்பிடுகிறார். "கைய எடுத்துறாதீங்க அண்ணி, மூணு நாள் வேலை." "எடுக்கலடி. உனக்குத்தான் மூக்கு நீளமாச்சே, அதால தள்ளு." நாத்தனார் கழுத்தை நீட்டி மூக்கு நுனியால் திரையின் பச்சைப் பொத்தானைத் தள்ளுகிறாள், ஸ்பீக்கரையும் ஒரு குத்து குத்துகிறாள். பேருந்து இரைச்சல், ஒரு இருமல், பிறகு அண்ணனின் குரல்: "கட்டி எதுவும் இல்லையாம்." அண்ணியின் விரல்கள் தாமாக விரிகின்றன. தகடு விசுக்கென்று நிமிர, கூடு முழுவதும் நடுங்குகிறது. நாத்தனார் தன் பக்கத்தையும் விட்டுவிடுகிறாள்.