கால் மாத்திரை

"பெரியவனுக்கு முழுசு, இவளுக்கு அரை, இடுப்புல இருக்கிறதுக்குக் கால்" என்று சொல்லிக்கொண்டே நர்ஸ் நறுக்கினாள். தூரத்திலிருந்து பார்த்தால் இனிப்புக் கடை என்றுதான் தோன்றும். வாங்குகிறவர்கள் முகத்தில்தான் சிரிப்பு இல்லை.

ஆறு மைல் தள்ளியிருந்த அணு உலையில் கசிவு. ஒரு மணி நேரத்தில் காற்று ஊர்ப்பக்கம் திரும்பிவிடும் என்று ரேடியோ சொல்லிவிட்டது. பள்ளிக்கூடத்து வகுப்பறையில் ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி அடைத்து, பிள்ளைகளுக்கு அயோடின் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்து வர்றதுக்குள்ள இது உள்ளே போயிடணும்" என்று டாக்டர் தொண்டை வறளச் சொன்னார். "கழுத்துச் சுரப்பி இந்த நல்ல அயோடினைக் குடிச்சு நிரம்பிட்டா, கெட்டதுக்கு அங்கே இடம் இருக்காது. சாயங்காலமா கொடுத்தா, கொடுத்ததும் ஒண்ணுதான், கொடுக்காததும் ஒண்ணுதான். யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. எங்க கண்ணு முன்னாலதான் முழுங்கணும்."

நர்ஸின் கையில் பிளேடு நழுவியது. போன மாதம் ஒத்திகை நடந்தபோது பெட்டியிலிருந்து ஒரே ஒரு மாத்திரையை எடுத்துப்போய், மாமனாரின் மருந்து டப்பாவுக்குள் போட்டு வைத்தவள் அவள். பதிவேட்டில் 'உடைந்தது' என்று எழுதியும் விட்டாள். வீட்டில் இரண்டு வயது மகள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் மூலைக்குப் போய் வீட்டுக்கு போன் போட்டாள்.

"மாமா, பாப்பாவை இங்கே தூக்கிட்டு வர முடியுமா?"

"மருந்து சாப்பிட்டும் முட்டி மடங்க மாட்டேங்குதும்மா. மூணு மாடி எப்படி இறங்குவேன்?"

"அப்ப உங்க மருந்து டப்பாவைத் திறங்க. பாப்பாவுக்குக் கால் மாத்திரை கொடுத்துடுங்க."

"கால் மாத்திரையா? பாப்பாவுக்கா?"

"ஆமா மாமா. இப்பவே. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

"சரிம்மா, நீ படிச்சவ" என்றார் மாமனார். மேற்கொண்டு விவரம் சொல்வதற்குள் டாக்டர் பக்கத்தில் வந்துவிட்டார். அவள் போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வேலை முடியும் நேரத்தில்தான் வினை வந்தது. வரிசையில் இன்னும் மூன்று கைக்குழந்தைகள் நிற்க, பெட்டி காலியாகிவிட்டது.

"ஒரு மாத்திரை குறையுதே?" என்று டாக்டர் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார்.

"ஒத்திகையில உடைஞ்சுது டாக்டர். எழுதி வெச்சிருக்கேன்."

சொன்ன வாய் கசந்தது. வீட்டில் கிடக்கிற மாத்திரையில் மகளுக்குப் போக மிச்சம் முக்கால். இங்கே நிற்கிற பிள்ளைகள் மூன்று. இந்தக் கணக்குக்கு விரல் விடக்கூட வேண்டாம்.

மூன்று தாய்மார்களையும் ஆம்புலன்ஸில் ஏற்றி, பக்கத்து ஊர் முகாமுக்கு விரட்டினார்கள். ஏறப் போன ஒருத்தி திரும்பி வந்து நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "காலையில இருந்து நின்னுக்கிட்டே இருக்கீங்க. நீங்க நல்லா இருக்கணும்" என்றாள். செருப்பால் அடித்திருந்தால்கூட நர்ஸுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

காற்று வந்தது. யாரும் வெளியே தலை காட்டக் கூடாது என்று உத்தரவு. போன் லைனும் செத்துவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்க, அவள் ஒரு வாய் காப்பிகூட இறங்காமல் சின்ன பெஞ்சில் மடங்கி உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடினால் அந்த மூன்று பிள்ளைகள்தான். தன் மகள் முகம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் அவள் மாத்திரை சாப்பிட்டுவிட்டாள் என்ற நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகவும் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மாலை ஆறு மணிக்கு அதற்கு மேல் தாங்க முடியவில்லை. டாக்டர் எதிரில் போய் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "தப்புதான். நாளைக்கு எழுதிக் கொடுத்துடுங்க. நானும் எழுதத்தான் வேணும்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "அந்த மூணு பிள்ளைங்களும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து மாத்திரை சாப்பிட்டாச்சுன்னு வயர்லெஸ்ல சொல்லிட்டாங்க. இந்த ஊர்ல மாத்திரை சாப்பிடாத பிள்ளைன்னு ஒண்ணுகூட இல்லை. அழாதீங்க, வீட்டுக்குப் பேசுங்க. லைன் வந்துடுச்சு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள். முதல் மணியிலேயே மாமனார் எடுத்தார்.

"பாப்பா என்ன பண்றா மாமா?"

"நல்லா விளையாடுறாம்மா. காலையில ஜன்னலை எல்லாம் சாத்தினேன், ஒண்ணு மட்டும் கொக்கி சரியில்லாம திறந்துக்கிட்டே இருக்கு. அதுக்கிட்ட நின்னு வேடிக்கை பார்க்கிறா."

"மிச்ச மாத்திரையை டப்பாவுலயே பத்திரமா வையுங்க மாமா. திருப்பிக் கொடுக்கணும்."

"மிச்சமா?" மாமனார் தயங்கினார். "நீ கோபப்படாதேம்மா. சரின்னு சொன்னேனே தவிர, கொடுக்க எனக்கு மனசு வரலை. ரெண்டு வயசுப் பிள்ளைக்கு எதுக்கும்மா கால்வலி மாத்திரை?"