சுவரோரப் பெட்டி

"பக்கத்து வீட்டுக்காரர் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போறாரு. நேத்தும் இப்படித்தான்," என்றாள் மனைவி, ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபடி.

பாட்டு அறையில் இருந்த கணவன் சட்டென்று பாட்டை நிறுத்தினான். சுவரை அதிர வைத்த பழைய சப்வூஃபர் பெட்டியை அவருக்குப் பயந்துதான் மாற்றியிருந்தான். புதுசைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, அடியில் ரப்பர் மெத்தையும் போட்டிருந்தான். அறைக்குள் அதன் தாழ்ந்த பாஸ் ஒலி முன்னைவிட அருமை. சுவர் மட்டும் அசையவே இல்லை.

"இன்னுமா அங்க கேக்குது?"

"சண்டைக்கு வர்ற மூஞ்சியாவும் தெரியலையே. என்னதான் வேணுமாம்?"

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தான்.

"வாங்க சார். சத்தம் ஜாஸ்தியா இருக்கா?"

"அதில்ல தம்பி..." பக்கத்து வீட்டுக்காரர் தயங்கினார். "சுவரை அதிர வைக்குமே, அந்தப் பெட்டி என்ன ஆச்சு?"

"உங்களுக்குத் தொந்தரவா இருக்கும்னு மாத்திட்டேன்."

"என் வீட்டுக்காரிக்குக் காது கேக்காது. சாயங்காலம் நீங்க பாட்டுப் போட்டா, சுவத்துல ரெண்டு கையையும் வச்சு, கன்னத்தைச் சாய்ச்சுக்கிட்டு நிப்பா. இப்ப கொஞ்ச நாளா அந்தச் சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறா. 'அங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா, போய்க் கேட்டுட்டு வாங்க'ன்னு ஜாடை காட்டி என்னை விரட்டுறா."

கணவன் உள்ளே போய் ரப்பர் மெத்தையை உருவினான். "சார், ஒரு கை பிடிங்க."

இருவருமாகப் பெட்டியைச் சுவரோடு ஒட்டித் தள்ளினார்கள். பாட்டு ஓடத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள், தாளம் தப்பாமல்.