ஊசியும் பூதக்கண்ணாடியும்

ரெஜினாவின் மேசையில் விளக்கு வைத்த பூதக்கண்ணாடி ஒன்று இருந்தது. அதன் கீழே துணியை விரித்து, அவள் ஒரு செம்பருத்திப் பூவைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்த இதழில் ஒரு தையல் கோணல்" என்றது பூதக்கண்ணாடி. அவள் பிரித்துவிட்டுத் திரும்பத் தைத்தாள்.

"இப்போது நூல் பிசிறடிக்கிறது" என்றது. அவள் மறுபடியும் பிரித்தாள்.

பிரிப்பதும் தைப்பதுமாகவே நாட்கள் போயின.

"போதும் அண்ணே, துணி நைந்துவிட்டது. இன்னும் குத்தினால் கிழிந்துவிடும்" என்று ஊசி கெஞ்சியது.

"இருப்பதைத்தானே சொல்கிறேன்?" என்றது பூதக்கண்ணாடி.

ஒரு பிற்பகலில் மின்சாரம் போய், விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்த ரெஜினா, துணியையும் ஊசியையும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். பொழுது சாய்வதற்குள் பூவைத் தைத்து முடித்துவிட்டாள். பிறகு அதற்குச் சட்டம் போட்டு எதிர்ச்சுவரில் மாட்டினாள்.

பால் பாக்கெட் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மும்தாஜ் வாசலிலேயே நின்றுவிட்டாள். "அடடா, செம்பருத்தி! பறிக்கலாம்போல இருக்கே!"

பூதக்கண்ணாடியும் சுவரைப் பார்த்தது.

"அங்கே என்ன, சிவப்பாக ஏதோ கலங்கலாகத் தெரிகிறது?" என்று ஊசியிடம் கேட்டது.

"இத்தனை நாளும் நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த பூதான் அண்ணே" என்றது ஊசி.