நூற்றெட்டுக்கு ஒரு ஒத்திகை

அடுக்களைத் தரையில் மல்லாந்து கிடக்கிறாள் அருள்மொழி. கண்கள் மூடியிருக்கின்றன, காது மட்டும் விழித்திருக்கிறது. கணவர் போன பிறகு இந்தக் குவார்ட்டர்ஸில் இரண்டே பேர், அவளும் ஆறு வயது கனிஷ்காவும். "அம்மா மயங்கி விழுந்துட்டா என்ன பண்ணுவ?" என்று காலையிலிருந்து பத்துத் தடவை கேட்டாயிற்று. "நூத்தியெட்டுக்குப் போன் போட்டு பிளாக்கு, வூட்டு நம்பரு சொல்லுவேன்" என்று பிள்ளையும் பத்துத் தடவை ஒப்பித்தாயிற்று. சொல்லாமல் கொள்ளாமல் விழுந்து பார்த்தால்தான் தெரியும். ஜன்னல் வெயில் இமைக்குள் சிவப்பாகக் கசிகிறது. மைன்ஸ் பக்கமிருந்து மதிய ஷிஃப்ட் சங்கு ஊதி ஓய்கிறது. கொலுசுச் சத்தம் நெருங்கி வருகிறது. "அம்மா?" ஒரு சின்ன விரல் கன்னத்தைத் தொடுகிறது. உடனே கொலுசு கூடத்துக்கு ஓடுகிறது. போன் அங்கேதான் இருக்கிறது. கெட்டிக்காரி என்று பூரித்துப்போகிறாள் அருள்மொழி.

கொலுசு திரும்பி வந்து அவள் காலருகே நிற்கிறது. வழவழவென்று ஏதோ அவளுடைய கால் கட்டைவிரல்களைச் சுற்றுகிறது. பள்ளிக்கூட ரிப்பன். இரண்டு விரல்களையும் சேர்த்து, ஷூ லேஸில் பழகிய முடிச்சைப் போட்டு இறுக்குகின்றன பிஞ்சுக் கைகள். நான்கு மாதம் முன்பு, இதே தரையில், எதிர்வீட்டு ரமணி வேட்டிக் கரையைக் கிழித்து, இறந்துகிடந்த கணவரின் கால் விரல்களைக் கட்டியபோது, கதவோரம் நின்ற பிள்ளையை யாரும் அப்பால் கூட்டிப்போகவில்லை. அருள்மொழி கண்ணைத் திறப்பதற்குள் கொலுசு வாசலுக்கு ஓடிவிடுகிறது. வாசல் கம்பிக்கதவு கிறீச்சிடுகிறது.

"ரமணி அத்த, அம்மாவும் விழுந்துட்டாங்க. காலு நானே கட்டிட்டேன், நீங்க வாங்க."