பத்தாவது பதில்

அக்கா பத்தாவது கேள்வி வரைக்கும் போகாமல் இருந்தால் போதும்.

வாரப் பத்திரிகையில் வேலை பார்க்கும் தங்கை, அப்படி நினைத்துக்கொண்டே துணி மடித்தாள். எதிரே அக்கா, தங்கையின் பெயரோடு வந்திருந்த பிரபல நடிகையின் ‘மனம் திறந்த’ பேட்டியை வரிவரியாக விரலோட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

“யாரிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறீர்கள்?” பத்தாவதையும் உரக்கவே படித்தாள். “என் அக்காவிடம். அவள் நர்ஸாகிப் போய்விட்டால் வீட்டு வேலையெல்லாம் என் தலையில் விழுமென்று, அவளுடைய ஹால் டிக்கெட்டை ஒளித்துவைத்தேன். தானே தொலைத்துவிட்டதாக நினைத்து அழுதாள்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். “பெரிய மனசுடி இவளுக்கு. ஊரறியச் சொல்லிட்டா பாரு.”

“ம்.”

“உன்கிட்ட சொல்றப்ப அழுதாளா?”

“போன்லதானே பேசினா. தெரியலக்கா.”

“அவளும் தையல் மெஷின் டிராயர்லதான் வச்சாளாமா?”

தங்கையின் கையிலிருந்த துணி நழுவியது.

“எனக்கு அங்கதான் கிடைச்சுது. பரீட்சை முடிஞ்ச மறுநாள்.”

நடிகை ஒரு முறைகூடப் போனை எடுத்ததில்லை. பத்துப் பதிலும் தங்கையின் கைச்சரக்கு. அதில் ஒன்பதுதான் கற்பனை.

அக்கா அந்தப் பக்கத்தையும் பேனாவையும் அவள் முன்னே நகர்த்தினாள். “சொன்னவங்க கையெழுத்து இதுல ஒண்ணு வேணும். போட்டுக் குடு.”

தங்கை பேனாவை எடுத்தாள். பதிலுக்குக் கீழே இருந்த நடிகையின் சிரித்த முகத்தைப் பார்த்தாள். பிறகு மூடியை மாட்டி, பேனாவை அக்காவின் பக்கமே திருப்பி வைத்தாள்.

“வேண்டாம்க்கா. அது அவ சொன்னதாவே இருக்கட்டும்” என்றாள், தலை நிமிராமல்.