இருபதாயிரம் நிழல்கள்

இணையத்தில் செல்வின் வாராவாரம் எழுதும் வேற்றுலகச் சித்திரக்கதைக்கு அவன் தங்கை ஃபிலோமிதான் படம் வரைகிறாள். அந்த உலகத்தில் இரண்டு நிலாக்கள். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு நிழல். இந்த வாரம் பத்தாயிரம் பேர் மோதும் போரை எழுதிக் கொடுத்தான்.

“உனக்கு ஒரு வரிண்ணே. எனக்கு இருபதாயிரம் நிழல். கை வீங்கிக் கெடக்கு.”

“வேற உலகம்னா ரெண்டு நிலா வேணும்ல. ஒண்ணுன்னா எவன் நம்புவான்?”

அவள் ஒரு நிலாவை அழித்துவிட்டு, அவனிடம் சொல்லாமலே பக்கத்தை ஏற்றினாள்.

நானூறு பின்னூட்டங்கள் வந்தன. எல்லாரும் கதையில் வரும் இளவரசிக்கு எப்போது கல்யாணம் என்றே கேட்டிருந்தார்கள். செல்வின் கடைசிவரை படித்துவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

“நிலா எங்கேன்னு ஒருத்தன்கூடக் கேக்கலியே, ஃபிலோமி.”

திட்டுவான் என்று காத்திருந்தவள், அழித்த இடத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.